கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டது யார்?

அத்தியாயம் 9

"மெஸ்கீத்தே மாநகரப் பெருமக்களுக்கும், அண்டை ஊர்களுக்கும், இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று நண்பகல் நம் ஊரின் முந்நூறு ஆண்டு வரலாறு தன் சிகரத்தைத் தொடுகிறது. அது தொட்டு முடிக்கும்வரை யாரும் பன்றிகளைத் தெருவில் விட வேண்டாம்."

மேயர் ரொசெந்தோ பால்தெராமா தண்ணீர் லாரியின் மேல் நின்று ஒலிபெருக்கியில் இதை முழங்கினார். லாரியை ஓட்டியவள் பெத்ரா. ஊரின் கறிக்கடையும் அவளுடையதுதான் என்பதால், இரண்டாவது சுற்றிலேயே லாரியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விட்டாள். மேயர் இறங்குவதற்கு ஏணி தேடிக்கொண்டு, தொங்குகிற ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே வரலாற்றின் மீதியை வாசித்தார்.

அறிவிப்பில் ஒரு சின்ன விஷயம் விடுபட்டிருந்தது. சிகரத்தைத் தொடுவதற்கு வேண்டிய முக்கியமான சாமான் அன்று காலையில் காணாமல் போயிருந்தது.

சிவாவா மாநிலத்து மலைகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரின் முழுப்பெயர் சான் அந்தோனியோ தெல் மெஸ்கீத்தே. ஸ்பானியர்கள் வெள்ளிக்காகக் கட்டினார்கள். வெள்ளி தீர்ந்ததும் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியது கல் பாவிய தெருக்கள், அவர்கள் காலத்துக் குழிகள், ஒரு கோயில். இப்படிப்பட்ட ஊர்களுக்கு அரசாங்கம் 'மாய ஊர்' என்று ஒரு பட்டம் தருகிறது. பட்டம் வந்தால் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், அவர்கள் பின்னால் ஹோட்டல் வரும், ஹோட்டலுக்கு மேயரின் பெயர் வரும். பட்டத்தை முடிவு செய்ய ஓர் அதிகாரி மெக்சிகோ நகரத்திலிருந்து புறப்பட்டு, அன்று மதியம் வந்து சேர்வதாக இருந்தது. அவருக்குக் காட்ட எங்களிடம் இருந்த ஒரே மாயம் கோயிலில் நிற்கும் அந்தோணியார். இன்னும் சரியாகச் சொன்னால், அவர் இடுப்பில் உட்கார்ந்து ஒற்றைப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் மரக் குழந்தை இயேசு. அந்தப் பல் நிஜப் பல் என்பார்கள். யாருடையது என்று கேட்கக் கூடாது.

குழந்தையைக் காணவில்லை.

தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற சாமி அந்தோணியார். அவர் கையில் இருந்ததே தொலைந்துபோனால் யாரிடம் முறையிடுவது என்று பாதிரியார் செனோபியோவுக்குத் தெரியவில்லை. அதனால்தான் தோன் ஹிலாரியோ உர்கீதி வரவழைக்கப்பட்டார்.

தோன் ஹிலாரியோவின் அட்டையில் 'விஞ்ஞானத் துப்பறிவாளர்' என்று பொன் எழுத்தில் அச்சிட்டிருந்தது. விஞ்ஞானம் என்பது அவர் சட்டைப் பையில் இருந்த பூதக்கண்ணாடி. மீதி எல்லாம் மீசை. அவருடைய உதவியாளர் நாச்சா, முன்னாள் பஸ் கண்டக்டர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவரைக் கண்டுபிடிப்பவள். போன வழக்கில் காணாமல் போன கழுதையை தோன் ஹிலாரியோ மூன்று மாநிலங்களில் தேடிக்கொண்டிருந்தபோது, அதைக் கட்டியிருந்த கம்பத்துக்குப் பின்னாலேயே அது நிற்பதைச் சுட்டிக்காட்டியவளும் அவள்தான்.

எங்கள் ஊரில் விசாரணை என்பது ரகசியமாக நடக்கிற காரியம் அல்ல. துப்பறிவாளர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சதுக்கத்து பெஞ்சுகளில் இருந்த ஆண்கள் அனைவரும் எழுந்து பின்னால் நடந்தோம். எங்களுக்கு வேறு வேலை இல்லை. பெஞ்சு எங்கேயும் போய்விடாது.

கோயிலுக்குள் அந்தோணியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

தோன் ஹிலாரியோ பூதக்கண்ணாடியை எடுத்து முதுகை ஆராய்ந்தார். "திருடன் சாமியோட கண்ணுக்குப் பயந்திருக்கான். ஆகவே பக்திமான். ஆகவே வெளியூர்க்காரன்."

"உள்ளூர்லயும் பக்தி உண்டு," என்றார் பாதிரியார், கொஞ்சம் புண்பட்டு.

"பயம் இருக்கா?"

பாதிரியார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"முதலாளி, தலைக்கு மேல பாருங்க," என்றாள் நாச்சா. "வெள்ளியில இவ்வளவு பெரிய ஒளிவட்டம். கழட்டி எடுக்க ஒரு திருகு போதும். அதை விட்டுட்டு மரப் பொம்மையை எவனாவது தூக்கிட்டுப் போவானா?"

"வெள்ளி விலை இறங்கப்போறது அவனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. இது சர்வதேசக் கும்பல், நாச்சா. எல்லைக்கு ஆள் அனுப்பணும்."

"யாரை அனுப்புறது? இங்க நாம ரெண்டு பேருதான்."

கூடவே வந்திருந்த மேயர் இருமினார். "என்னை லிசென்சியாதோன்னு கூப்பிடலாம். எல்லைப் போலீஸுக்கு நான் பேசறேன்."

"சட்டம் படிச்சிருக்கீங்களா, லிசென்சியாதோ?" என்றாள் நாச்சா. பட்டம் வாங்கியவர்களைத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுவார்கள்.

"சட்டக் கல்லூரி வாசல்ல நின்னு போட்டோ எடுத்திருக்கார்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். அது என் குரலாக இருக்கலாம்.

நாச்சா சாமியின் தோளைப் பிடித்து மெல்ல எங்கள் பக்கம் திருப்பினாள். ஒரு நிமிஷம் முகத்தையே பார்த்தாள். "ஏன் இவருக்குத் தாடி? எங்க ஊர்ல அந்தோணியார் மழமழன்னு கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பார்."

மேயருக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். நெஞ்சை நிமிர்த்தினார். "அம்மணி, இது வடக்கு! பாலைவனத்துல வேதம் பரப்ப வந்தவருக்கு முகம் மழிக்க ஏது நேரம்? உங்க தெற்கத்தி அந்தோணியார் மாதிரி எங்களோடவர் சும்மா பூ பிடிச்சிக்கிட்டு நிக்கறவர் இல்ல. இவர் உழைப்பாளி!"

"அதான் பிள்ளையைக் கூடப் பாக்க நேரமில்லை போல," என்றாள் நாச்சா. பிறகு குரலை இறக்கினாள். "முதலாளி, நீங்க கல்யாணம் ஆகாதவர். அதனால உங்களுக்குத் தெரியாது. பொண்ணுங்க மாப்பிள்ளை வேணும்னு அந்தோணியாருக்கு மெழுகுவத்தி வைப்பாங்க. வரலைன்னா சுவத்தைப் பாக்கத் திருப்பி வைப்பாங்க. அதுக்கும் வரலைன்னா தலைகீழா நிறுத்துவாங்க. அப்பவும் மசியலைன்னா இடுப்புல இருக்கற பிள்ளையைப் பறிச்சிட்டுப் போயிடுவாங்க. மாப்பிள்ளையைக் குடு, பிள்ளையை வாங்கிக்கோ."

"இது ஆள்கடத்தல்!"

"ஆமா. ஆனா நடுவுல புரோக்கர் கிடையாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பஸ் டிப்போ பக்கத்துக் கோயில்ல நானே மூணு தடவை பண்ணியிருக்கேன். மூணு தடவையும் ஆள் வந்தான். ஆளைப் பாத்துட்டுப் பிள்ளையைத் திருப்பிக் குடுத்துட்டு, அவனையும் அனுப்பிட்டேன். சாமி மேல தப்பு சொல்ல முடியாது."

தோன் ஹிலாரியோ பூதக்கண்ணாடியைத் துடைத்தார். சர்வதேசக் கும்பலைக் கைவிட அவருக்கு மனமில்லை. "சரி. கல்யாணம் ஆகாத பொண்ணு. பாதர், இந்த ஊர்ல அப்படி யார் யார்?"

"எல்லாரும்," என்றார் பாதிரியார் செனோபியோ. "ரோட்டுக்குத் தார் போட்டப்புறம் இங்க ஒரே ஒரு கல்யாணம். அதுலயும் பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருமே வெளியூர். வண்டி பஞ்சர் ஆகி நின்னாங்க."

இது உண்மை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத அளவுக்கு வேலை. தபால், ரொட்டி, கறி, லாரி, பதிவு அலுவலகம், எல்லாம் அவர்கள்தான். மிச்சம் இருக்கிற பெஞ்சுகள் எங்களுக்கு. மலைக்கு அந்தப் பக்கம் சான் கயெத்தானோ என்று ஒரு ஊர். அங்கே தலைகீழ். வாராவாரம் கல்யாணம் நடக்கும், எவருக்கும் வேலை கிடையாது. இரண்டு ஊர்த் தண்ணீரிலும் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தோம். ஒருமுறை தண்ணீரைப் பரிசோதனைக்குக்கூட அனுப்பினார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

"இங்க பாருங்க!" என்றாள் நாச்சா.

குழந்தையைப் பிடுங்கிய வேகத்தில் சாமியின் சட்டைக் கையில் சாயம் பெயர்ந்திருந்தது. பழுப்பு அங்கிக்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. "உள்ள கறுப்பு," என்றாள்.

"புனிதமான அழுக்கு," என்றார் மேயர். "முந்நூறு வருஷத்தோடது."

"அதை விடுங்க. விரலைப் பாருங்க."

சாமியின் இடது கட்டைவிரல் ஒடிந்திருந்தது. ஒடிந்த விரல் கீழே கிடக்கவில்லை. அதை அதன் இடத்தில் வைத்து, வெள்ளைத் துணிச்சுருளால் அழகாகச் சுற்றி, நுனியை மீன் வால் மாதிரி இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தது. அயோடின் தடவிய மஞ்சள் கறைகூட இருந்தது.

"கட்டையில செஞ்ச கட்டைவிரலுக்குக் கட்டு!" என்றாள் நாச்சா. "மரத்துக்குச் சீழ் பிடிச்சிடுமாம்."

"திருடன் தன் காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கான்," என்று தொடங்கினார் தோன் ஹிலாரியோ.

"முதலாளி, கட்டு சாமி கையில இருக்கு."

"...சாமியோட காயத்துக்கு," என்று முடித்தார், அதைத்தான் சொல்ல வந்தவர் போல. "ஆகவே, கோபமும் இரக்கமும் ஒருசேரக் கொண்ட ஆசாமி. அபாயகரமான மனநிலை."

நாச்சா எங்கள் பக்கம் திரும்பினாள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிற பார்வை. "இந்த ஊர்ல யார் கட்டுப் போட்டா நுனி மீன் வால் மாதிரி இருக்கும்?"

எங்களில் ஒருவன் கையில் கட்டு இருந்தது. இன்னொருவன் முழங்கையில். என் சுட்டுவிரலில். எல்லாக் கட்டுக்கும் நுனியில் மீன் வால். நாங்கள் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டோம். கொஞ்சம் தாமதமாக.

நாச்சா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "இது எப்படி ஆச்சு, அண்ணே?"

"பெஞ்சுல ஆணி," என்றேன்.

"கட்டுனது யாரு?"

சொல்லாமல் என்ன செய்வது? மருந்துக்கடை எத்தெல்வீனா என்று ஊருக்கே தெரியும்.

மருந்துக்கடை கோயிலுக்கு எதிர்ச்சாரியில். எத்தெல்வீனாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கடையும் அவள்தான், ஊரின் ஒரே டாக்ஸியும் அவள்தான், பிறப்பு இறப்பு பதிவதும் அவள்தான். நாங்கள் உள்ளே போனபோது குழந்தை இயேசு பச்சிளங்குழந்தைகளை எடை போடும் தராசில் உட்கார்ந்து, தலையில் கம்பளிக் குல்லாயோடு, ஒற்றைப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. துப்பறிவாளர் அதைக் கவனிக்காமல் அலமாரிகளுக்குப் பின்னால் பூதக்கண்ணாடியோடு புகுந்துவிட்டார்.

"தலைவலி மாத்திரையா? வரிசையில வாங்க," என்றாள் எத்தெல்வீனா. பிறகு மேயரைப் பார்த்தாள். "ஓ, அதுவா. ஆமா, நான்தான் எடுத்தேன்."

அலமாரிக்குப் பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது. தோன் ஹிலாரியோ வெளியே வந்தார். "ஒப்புக்கொள்ளாதீங்க! நான் இன்னும் கண்டுபிடிக்கலை!"

"எத்தெல்வீனா," என்றார் மேயர், அழுகிற குரலில், "பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வர்றாங்க. பிள்ளையைக் குடுத்துடும்மா."

"மாப்பிள்ளையைக் குடுங்க, குடுத்துடறேன்."

"எந்த மாப்பிள்ளை?" என்றார் துப்பறிவாளர்.

"பால்தோமெரோ!" என்று கடை முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

எத்தெல்வீனா தராசில் இருந்த குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தாள். "அவர் தூபா வாசிக்கறவர். சனிக்கிழமை ஆனா மலை தாண்டி சான் கயெத்தானோவுல கல்யாண வாசிப்பு. அவரையும் அந்த ராட்சசக் குழாயையும் என் டாக்ஸியிலதான் ஏத்திட்டுப் போறேன். அவர் உள்ள வாசிப்பார். நான் வெளிய வண்டியில உக்காந்து, எவளோ ஒருத்தி கல்யாணத்துக்கு அழுவேன். வழியில கேப்பேன், 'நமக்கு எப்போ?'ன்னு. 'அஹோரீத்தா'ன்னுவார். பத்து வருஷமா இதே பதில். என் டாக்ஸிக்கு ரெண்டாவது இன்ஜின் மாத்தியாச்சு."

அஹோரீத்தா என்றால் 'இதோ, இப்பவே' என்று அகராதி சொல்கிறது. அகராதி எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. குழாய் ரிப்பேர்காரர் அஹோரீத்தா என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில் இப்போது பேரப்பிள்ளைகள் குடம் தூக்குகிறார்கள்.

"இதுக்கு மேல என்னால முடியாது," என்றாள் எத்தெல்வீனா. இதை மட்டும் அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "இன்னிக்கு அவர் கேக்கணும். இல்லைன்னா நான் யாருக்கும் இல்லைன்னு அந்தச் சாமியே என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். பிள்ளையைத் திருப்பிக் குடுத்துட்டேன்னா அப்புறம் எனக்குப் பிடிச்சுக்க வேற ஒண்ணும் இல்லை."

மேயர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "கைது பண்ணுங்க! பெத்ரா!"

ஊரின் காவல்துறைத் தலைவியும் பெத்ராதான். கறிக்கடை ஏப்ரனோடு வாசலில் வந்து நின்றாள். "பண்ணிடலாம், லிசென்சியாதோ. அப்புறம் உங்க இரத்தக் கொதிப்பு மாத்திரையை யாரு குடுப்பா?"

மேயர் யோசித்தார். கைது ரத்தானது.

"அப்போ ஒரே வழிதான்," என்றாள் நாச்சா. "மாப்பிள்ளையைக் கேக்க வைக்கணும். மணி என்ன?"

பதினொன்று தாண்டியிருந்தது.

பால்தோமெரோ மட்டும் எங்களோடு வராமல் சதுக்கத்துப் பெஞ்சிலேயே இருந்தார். மடியில் தூபாவைக் குழந்தை மாதிரி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தோன் ஹிலாரியோ அவர் எதிரில் நின்று மீசையை முறுக்கினார். "அந்தப் பெண்ணை நேசிக்கிறீங்களா, இல்லையா? யோசிச்சுப் பதில் சொல்லுங்க. நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும்..."

"நேசிக்கிறேன்," என்றார் பால்தோமெரோ. "இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ டாக்ஸியில போகும்போது ஜன்னலை எவ்வளவு திறக்கணும்னு எனக்குத் தெரியும். என் காது வலிக்கு எவ்வளவு திறக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்யா கேக்கலை?" என்றாள் நாச்சா.

"கேக்கணும்தான். அஹோரீத்தா. வேலை ஒண்ணு கிடைக்கட்டும்னு பாக்கறேன். அவளுக்கு மூணு வேலை இருக்கு, சகோதரி. எனக்கு அரை வேலைகூட இல்லை. தூபா வாசிச்சா சாப்பாடு போடுவாங்க, அவ்வளவுதான். கையை வீசிக்கிட்டுப் போய் 'கட்டிக்கோ'ன்னு எப்படிக் கேப்பேன்? என்ன வேலை பாக்கறீங்கன்னு பதிவு அலுவலகத்துல எழுதணும். எழுதறவளே அவதான்."

எங்களில் பலர் குனிந்து தரையைப் பார்த்தோம். இந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தொண்டையில் நிற்கிற வாக்கியம் அது.

நாச்சா மேயர் பக்கம் திரும்பினாள். "லிசென்சியாதோ, இவருக்கு ஒரு வேலை குடுங்க. இப்பவே."

"நகராட்சியில காலியிடம் இல்லை! இருந்ததெல்லாம் பெத்ராகிட்ட இருக்கு!"

"அப்போ புதுசா ஒண்ணு உண்டாக்குங்க. வரலாறு சிகரத்தைத் தொடணுமா வேண்டாமா?"

பெரிய மனிதர்கள் இக்கட்டில்தான் பெரிதாவார்கள். மேயர் வலது கையை உயர்த்தினார். "பால்தோமெரோ! எனக்களிக்கப்பட்ட அதிகாரத்தின் பேரில், உன்னை இந்த ஊரின் தெய்வக் குழந்தைக்குத் தலைமைக் காவலராக நியமிக்கிறேன்! நிரந்தரப் பணி! சீருடை உண்டு!"

சீருடைக்கு எங்கே போவது? தண்ணீர் லாரியிலிருந்து பெத்ராவின் தொப்பியை எடுத்துவந்தார்கள். கொஞ்சம் சிறிது. ஆனாலும் அதை வைத்ததும் பால்தோமெரோவின் முதுகு நேரானது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தூபாவை இன்னொருவரிடம் கொடுத்தார். என்னிடம்தான். எப்படிக் கனக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஊர்வலமாக மருந்துக்கடைக்குப் போனோம். தொப்பியோடு வருகிற பால்தோமெரோவைப் பார்த்ததும் எத்தெல்வீனா ஏப்ரனைக் கழற்றினாள். கூந்தலை ஒதுக்கினாள். கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தாள். அவர் அவள் முன்னால் நின்று, கரகரத்த குரலில், "எத்தெல்வீனா," என்றார். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அடுத்த வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாக மனப்பாடம். தராசிலிருந்து குழந்தையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கோயில் மணி அடித்தது. தெருமுனையில் ஒரு ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது.

பால்தோமெரோ ஜீப்பைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அஹோரீத்தா, எத்தெல்வீனா," என்றார். "டியூட்டி ஆரம்பிச்சிடுச்சு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலை நோக்கி ராணுவ நடை போட்டார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் தெருவின் குழிகளை எண்ணினோம். நாச்சா மட்டும் பார்த்தாள். "அடப்பாவி," என்றாள், யாரை என்று சொல்லாமல்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி லிசென்சியாதா ரெனாத்தா, குள்ளமான பெண்மணி. தலையெல்லாம் மலைப்புழுதி. சான் கயெத்தானோ வழியாக வந்ததாகச் சொன்னார். அந்த ஊரும் இதே பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்ததாம், முந்தின நாள் அங்கே பார்வையிட்டாராம். மேயரின் முகம் சற்று வாடியது.

கோயிலில் குழந்தை மறுபடி சாமியின் இடுப்பில் உட்கார்ந்து சிரித்தது. குல்லாயைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. பக்கத்தில் பால்தோமெரோ விறைப்பாக நின்றார். "மேன்மை தங்கிய லிசென்சியாதா அவர்களே," என்று மேயர் தொடங்கினார், "முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாலைவனத்துக்கு..."

"ஒரு நிமிஷம்," என்றார் ரெனாத்தா. சாமியின் அருகில் போனார். தாடியைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார். "இந்தக் கட்டு யார் போட்டது?"

"நான்," என்றாள் எத்தெல்வீனா, கடைசி வரிசையிலிருந்து.

"நல்லாப் போட்டிருக்கீங்க." பிறகு சட்டைக் கையில் சாயம் பெயர்ந்த இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினார். பழுப்பு உதிர்ந்தது. கறுப்பு விரிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினார். கழுத்தருகே வெள்ளைக் காலர் தெரிந்தது.

"இவர் அந்தோணியார் இல்லையே," என்றார்.

கோயிலில் ஒரு ஈ பறந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டது.

"அந்தோணியாருக்குத் தாடி கிடையாது. பழுப்பு அங்கி. இவருக்குத் தாடி, கறுப்பு அங்கி, மேல யாரோ பழுப்பு அடிச்சிருக்காங்க. இவர் கயெத்தானோ. நேத்து மலைக்கு அந்தப் பக்கம் பாத்தேன். அங்க தாடியில்லாத ஒருத்தருக்குக் கறுப்பு அடிச்சு கயெத்தானோன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. உள்ள சுரண்டினா பழுப்பு. அவர்தான் உங்க அந்தோணியார்." புழுதியைத் தட்டிக்கொண்டார். "கோவேறு கழுதையில ரெண்டு பெட்டி வந்திருக்கும். மாத்தி இறக்கிட்டாங்க. தெரிஞ்சப்புறம் திருப்பி அனுப்பறதுக்குள்ள திருவிழா வந்திருக்கும். அப்போதைக்குச் சாயம் அடிச்சிட்டு, அப்புறமா மாத்திக்கலாம்னு விட்டிருப்பாங்க."

"அஹோரீத்தா மாத்திக்கலாம்னு," என்றார் பாதிரியார் செனோபியோ, தனக்குள்.

நாச்சாதான் கேட்டாள். "அம்மா, கயெத்தானோ என்ன குடுக்கற சாமி?"

"வேலை. வேலை இல்லாதவங்க வேண்டிக்கறது அவர்கிட்டதான்."

பெத்ரா ஏப்ரனில் கையைத் துடைத்து, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். லாரி. கறிக்கடை. போலீஸ். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மெழுகுவத்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரொட்டிக்கடைக்காரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"மெழுகுவத்தி வெச்சேன், மருந்துக்கடை வந்துச்சு," என்றாள் எத்தெல்வீனா நிதானமாக. "சுவத்தைப் பாக்கத் திருப்பினேன், டாக்ஸி வந்துச்சு. தலைகீழா நிறுத்தினேன், பதிவு அலுவலகம். இன்னிக்கு மறுபடி திருப்பி வெச்சுப் பிள்ளையைத் தூக்கினேன்." பால்தோமெரோவின் தொப்பியைப் பார்த்தாள். "அவருக்கு வேலை வந்துச்சு."

"நான் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டேன்," என்றார் தோன் ஹிலாரியோ. "அந்தத் தாடி..."

"நீங்க முதுகைத்தான் பாத்தீங்க, முதலாளி."

மேயர் கடைசி நம்பிக்கையோடு அதிகாரியின் கையைப் பற்றினார். "ஆனா பட்டம்? இதுவும் ஒரு மாயம்தானே?"

"ரெண்டு ஊரும் சாமியை மாத்திக்கிட்டு எழுதுங்க. அப்புறம் பாக்கலாம்."

"மாத்திடறோம்! அஹோரீத்தா!"

ரெனாத்தா கைப்பையை மூடினார்.

ஆண்களாகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேலை கொடுக்கிற சாமி நம் ஊரிலேயே, இவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்ற செய்தி கவலை அளித்தது. யாரும் சொல்லாமலே மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தோம்.

வெளியே எத்தெல்வீனா டாக்ஸியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் துணிச்சுருள், கத்தரிக்கோல், அயோடின் பாட்டில்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்றாள் நாச்சா.

"சான் கயெத்தானோவுக்கு. அங்க நிக்கற அந்தோணியாருக்கும் விரல் ஒடிஞ்சா கட்டுப் போடணுமே."

பால்தோமெரோ கோயில் வாசல்வரை ஓடிவந்தார். அதைத் தாண்டினால் டியூட்டியை விட்டதாகும் என்று அங்கேயே நின்றுவிட்டார். "எத்தெல்வீனா! சாயங்காலம் கேட்டுடறேன்! நிச்சயமா! போகாதே!"

அவள் ஜன்னலை, அவருடைய காது வலிக்கு ஏற்ற அளவு, ஏற்றிவிட்டாள்.

"அஹோரீத்தா வந்துடறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தாள், கல்யாணம் முடிந்து, அந்த ஊர்ப் புருஷனோடு. தலைமைக் காவலர் பணியில் இருந்ததால் வரவேற்புக்குத் தூபாவை நான் வாசிக்க வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளைக்கு வேலை இல்லை.